எஞ்சினுக்குள் ஓடுவது இரண்டு தண்ணீர்

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரையும் படகின் பெயரையும் தவிர்த்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறோம்.

கடந்த ஜூனில் 30 அடி நீளமான, பாவித்த பாய்ப்படகொன்றை வாங்கியிருக்கிறார். 1986ஆம் ஆண்டுப் படகு. யான்மார் 2ஜிஎம்20எஃப் டீசல் எஞ்சின், தலா 75 லீற்றர் கொள்ளும் இரண்டு குடிநீர்த் தாங்கிகள், 22 லீற்றர் சுடுநீர்த் தாங்கி, கையால் பம்ப் பண்ணும் ரொய்லெற். ஒன்ராறியோ வாவியில் முதல் கோடை நன்றாகவே போயிருக்கிறது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை கிரேன் வருகிறது. அதன்பின் ஏப்ரல் கடைசிவரை படகு கரையில், முட்டுக்கொடுத்த நிலையில் நிற்கும். குளிர்காலத்துக்குத் தயார்செய்ய ஒரு பட்டறை 900 டொலர் கேட்டதால் தானே செய்துவிடத் தீர்மானித்திருக்கிறார்.

அவருடைய திட்டம் இதுதான். தாங்கிகளில் தண்ணீர் தீரும்வரை பைப்புகளைத் திறந்துவிடுவது. எஞ்சினுக்குள் பச்சை நிற அன்ரிஃபிரீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்) ஏற்கனவே இருப்பதால் அதைத் தொடாமல் விடுவது. கடையில் வாங்கிய ‘−50’ என்ற ரோஸ் நிற அன்ரிஃபிரீஸ் நான்கு கலன்களைக் குழாய்களுக்குள் ஊற்றுவது. ரொய்லெற்றுக்குக் கராஜில் மிஞ்சிக் கிடக்கும் கார் கூலன்ற். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய படகுக்குள் ஒரு சின்ன மின்சார ஹீற்றர். பழைய உரிமையாளர் “சீகொக் ஒன்றையும் நான் தொட்டதேயில்லை” என்றாராம். சீகொக் என்பது படகின் உடலில் தண்ணீர் போய்வரும் துளையைத் திறந்து மூடும் வால்வு. அடுத்த கோடையில் பிள்ளைகள் அந்தப் பைப்பில் தண்ணீர் குடிக்கலாமா என்று மனைவி கேட்கிறார். ஏதாவது வெடித்தால் காப்புறுதி தருமா என்று இவர் கேட்கிறார். கடைசி வரி: “எங்கட ஆட்கள் வல்வெட்டித்துறை. கடல் எங்களுக்குப் புதிதில்லை, குளிர்தான் புதிது.”

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கடைசி வரி சரியாகவே சொல்கிறது. அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டி 1938இல் அத்திலாந்திக்கின் மறுகரைக்கு ஓட்டிய ஊருக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊர்த் தண்ணீர் ஒருநாளும் உறைந்ததில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கிறது. அதற்கு இடம்விடாத எதையும், வெண்கல வால்வானாலும் வார்ப்பிரும்பானாலும், பிளந்துவிடும். அதைவிட மோசம், பிளந்தது குளிர்காலம் முழுவதும் தெரியாது. உள்ளே நிற்கும் பனிக்கட்டியே அடைப்பாக இருக்கும். ஏப்ரலில் அது உருகி, மே மாதம் படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் ஒழுக்குத் தெரியவரும்.

உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது எஞ்சினைத் தொடாமல் விடலாம் என்ற முடிவு. எஞ்சினின் பெயர்க் கடைசியில் உள்ள ‘எஃப்’ என்ற எழுத்து, அது மூடிய சுற்றுக் குளிரூட்டல் கொண்டது என்பதைக் குறிக்கும். அதாவது அதற்குள் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று, நீங்கள் மூடியைத் திறந்து பார்க்கும் பச்சை நீர். அது சிலிண்டர்களைச் சுற்றி உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். மற்றது வாவித் தண்ணீர். அது சீகொக்கால் ஏறி, வடிகட்டிக் கிண்ணத்தைத் தாண்டி, இம்பெல்லர் (றப்பர் இதழ்கள் கொண்ட சுழலி) பம்பினூடாக வெப்பமாற்றிக்குள் போகிறது. அங்கே பச்சை நீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, வளைகுழாய் வழியாகப் புகைக்குழாயில் தண்ணீரும் புகையும் கலக்கும் முழங்கை வளைவில் விழுந்து, மஃப்ளருக்குள் தேங்கி, புகையோடு பின்னணியத்தால், அதாவது படகின் பின்பக்கத்தால், வெளியே போகிறது. பச்சை நீர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இந்த இரண்டாவது பாதைக்கு ஒரு துளி பாதுகாப்பும் தராது.

எஞ்சினை நிறுத்திய பிறகு அந்தப் பாதையில் மிஞ்சும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. மஃப்ளருக்குள் மட்டுமே சில லீற்றர் நிற்கும். தண்ணீரைத் தேக்கிப் புகையை அடக்குவதுதான் அதன் வேலை. வடிகட்டியின் கண்ணாடி போன்ற கிண்ணம், பம்பின் உடல், வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நிற்கும். வெப்பமாற்றிக் குழாயில் ஒன்று வெடித்தால் அடுத்த கோடையில் வாவித் தண்ணீரும் பச்சை நீரும் கலந்து ஓடும். என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

பச்சை நீரையும் சும்மா விடக்கூடாது. அது எப்போது மாற்றப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. தண்ணீரும் எதிலீன் கிளைக்கோலும் பாதிக்குப் பாதி இருந்தால் சுமார் −37 பாகை செல்சியஸ் வரை உறையாது. பழைய உரிமையாளர் குறைந்ததற்கெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால் −10ஐக்கூடத் தாங்காது. ரிஃப்ராக்ரோமீற்றர் என்ற சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். ஒரு துளி வைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தால் உறைநிலையைக் காட்டும். எதிலீனுக்கும் புரொப்பிலீனுக்கும் அதில் தனித்தனி அளவுகோல் உண்டு, மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். இந்த வேலை முழுவதற்கும் நீங்கள் வாங்கப்போகும் பொருட்களில் உருப்படியானது இதுதான்.

‘−50’ என்றால் −50 இல்லை

கலனில் உள்ள எண்ணை நம்பித்தான் பெரும்பாலானோர் மோசம்போகிறார்கள். முதலில் அது பரன்ஹைற்றா செல்சியஸா என்று பாருங்கள். பரன்ஹைற் −50 என்றால் செல்சியஸில் சுமார் −45. இரண்டாவது, அது உறையும் எல்லை அல்ல, செப்புக்குழாய் வெடிக்காமல் தாங்கும் எல்லை. சாதாரண ‘−50’ கலவையில் புரொப்பிலீன் கிளைக்கோல் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சுமார் −10 பாகையைத் தாண்டும்போதே அது கூழ்போல ஆகத் தொடங்கும். கூழ் நகர இடமிருந்தால் குழாய் வெடிக்காது. அந்தக் கணக்கில்தான் −50 என்று போடுகிறார்கள்.

இதெல்லாம் தண்ணீர் கலக்காதவரை. குழாயில் மிஞ்சிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துவிட்டால் −5 பாகையிலேயே பனிக்கட்டி கட்டத் தொடங்கும். ரொறன்ரோவில் அது டிசம்பரில் ஒரு சாதாரண இரவு. ஆகவே எவ்வளவு ஊற்றினீர்கள் என்பது கணக்கில்லை. ஒவ்வொரு வாயாலும் கலப்பில்லாத அன்ரிஃபிரீஸ் வெளியே வந்ததா என்பதுதான் கணக்கு. வெளிறிய ரோஸ் நிறத்தைக் கண்டு நிறுத்துகிறவர்கள் அரைவாசித் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

குடிநீர்க் குழாய்களுக்கு, முதலில் நன்றாக வடித்துவிட்டால், −50 போதும். எஞ்சினுக்குப் போதாது. அங்கே முழுவதும் வடிக்கவே முடியாத பொந்துகள் இருப்பதால் ‘−100’ என்று விற்கும், கிளைக்கோல் கூடிய வகையை வாங்குங்கள். லேபிளில் எதனோல் என்ற சொல் இருந்தால் வேண்டாம். மலிவுதான், ஆனால் மூடிய அறைக்குள் அதன் ஆவி தீப்பற்றக்கூடியது, றப்பர்களையும் வரட்டிவிடும். மொத்தமாக −100 வகையில் 3.78 லீற்றர் கலன் நான்கு, −50 வகையில் ஆறு வைத்திருங்கள். உங்களிடம் இருக்கும் நான்கு பத்தாது. மிஞ்சினால் மூடி வைத்து அடுத்த வருடம் பாவிக்கலாம். பாதி வேலையில் முடிந்தால்தான் பிரச்சினை.

எஞ்சின்: கிரேனுக்கு முன்பும் பின்பும்

படகு தண்ணீரில் இருக்கும்போதே மூன்று வேலைகள் முடிய வேண்டும். கழிவுத் தாங்கியை, கழிவை உறிஞ்சி எடுக்கும் பம்ப்-அவுட் நிலையத்தில் காலிசெய்வது ஒன்று. டீசல் தாங்கியை 95 வீதம்வரை நிரப்பி, நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் மருந்தை அளவாகச் சேர்ப்பது இரண்டு. பாதித் தாங்கியில் மேலே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து டீசலுக்குள் இறங்கும். மருந்தைப் போட்டபின் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டால்தான் அது குழாய்களுக்குள்ளும் போகும். மூன்றாவது ஒயில் மாற்றுவது. வசந்தத்தில் மாற்றலாம் என்று பலர் ஒத்திவைப்பார்கள், அது பிழை. எரிந்த ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், ஆறு மாதம் பெயாரிங்குகளை அதில் ஊறவிடுவது நல்லதல்ல. எஞ்சினைச் சுமையோடு இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஒயில் அளவுகோல் துளையால் பம்ப் வைத்து உறிஞ்சி எடுங்கள். உங்கள் எஞ்சினுக்குச் சுமார் 2 லீற்றர் போதும். ஒயில் ஃபில்ரரையும் கூடவே மாற்றுங்கள். டீசல் ஃபில்ரரின் அடிக்கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள், அதுவும் உறைந்து கிண்ணத்தை உடைக்கும்.

கிரேன் தூக்கிய உடனே எல்லாச் சீகொக்குகளையும் திறந்துவிடுங்கள். தண்ணீர் தானாக இறங்கும். படகு முட்டுகளில் உறுதியாக நின்றபின் எஞ்சின் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே உறை போடுமுன் செய்யுங்கள், மூடிய உறைக்குள் டீசல் புகை ஆளைக் கொல்லும்.

மஃப்ளரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் கழற்றித் தண்ணீரை வடித்து, மறுபடி பூட்டுங்கள். உள்ளே ஊற்றுவதை நீர்க்கவைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இப்படியே போய்விடும். எஞ்சின் சீகொக்கை மட்டும் மூடி, வடிகட்டிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, கூடையில் உள்ள பாசியைக் கழுவிவிட்டு, கிண்ணம் நிறைய அன்ரிஃபிரீஸ் ஊற்றுங்கள். நான்கு கலன்களின் மூடிகளையும் முன்கூட்டியே கழற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பம்ப் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக இழுக்கும். இரண்டாவது ஆள் பின்னணியத்துக்குக் கீழே ஏணியும் வாளியுமாக நிற்கட்டும்.

கியர் நியூற்றலில் இருக்க வேண்டும். படகு கரையில் நிற்கும்போது சுழலித்தண்டு சுழன்றால், தண்ணீர்தான் வழுக்கியாக இருக்கும் அந்த றப்பர் பெயாரிங் வரண்டு கருகிவிடும். எஞ்சினைத் தொடக்கி, மெதுவான ஓட்டத்தில் விட்டு, கிண்ணம் ஒருபோதும் காலியாகாதபடி ஊற்றிக்கொண்டே இருங்கள். முதலில் பின்னணியத்தால் வாவித் தண்ணீர் துப்பும், பிறகு வெளிறிய ரோஸ், பிறகு கடும் ரோஸ். கடைசியில் வருவதை ஒரு கோப்பையில் பிடித்து ரிஃப்ராக்ரோமீற்றரில் புரொப்பிலீன் பக்கத்தில் பாருங்கள். −30 காட்டினால் முடிந்தது. காட்டாவிட்டால் மிச்சக் கலனையும் ஊற்றுங்கள். கடைசிக் கிண்ணம் தீருமுன் நிறுத்தும் கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இம்பெல்லர் தண்ணீரில்லாமல் ஓடினால் அரை நிமிடத்திலேயே றப்பர் இதழ்கள் சூடேறிக் கிழியத் தொடங்கும். இனிச் சீகொக்கின் வாயின் கீழே வாளியை வைத்து வால்வைத் திறவுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியது வால்வின் உருண்டையைக் கழுவிக்கொண்டு இறங்கும்.

எஃப் இல்லாத எஞ்சின்களில் வாவித் தண்ணீரே சிலிண்டர்களைச் சுற்றி ஓடும். அங்கே தேமோஸ்ராற் (சூடானால் திறக்கும் வால்வு) திறக்கும்வரை எஞ்சின் சூடாகாவிட்டால் அன்ரிஃபிரீஸ் உள்ளே போகாமல் சுற்றுவழியால் வெளியேறிவிடும், பின்னணியத்தில் ரோஸ் நிறம் கண்டும் பயனில்லை. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, வாவித் தண்ணீர்ப் பாதையில் தேமோஸ்ராற் கிடையாது. பக்கத்துப் படகுக்காரர் “அரைமணி நேரம் சூடாக்கு” என்றால் அவருடையது வேறு எஞ்சினாக இருக்கக்கூடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் ஸ்ராட்டரை நெடுநேரம் சுழற்றிக்கொண்டிருந்தால் பம்ப் தண்ணீரை மஃப்ளருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இராது. நிரம்பினால் தண்ணீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் விழும். பத்து விநாடிக்குள் தொடங்காவிட்டால் நிறுத்தி, மஃப்ளரை வடித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

எல்லாம் முடிந்தபின் இம்பெல்லரைக் கழற்றி எடுங்கள். ஆறு மாதம் ஒரே வளைவில் இருந்தால் இதழ்கள் அப்படியே நின்றுவிடும். கழற்றிய இம்பெல்லரை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். வசந்தத்தில் அது இல்லாமல் தவறுதலாக எஞ்சினைத் தொடக்க முடியாது. இதழின் அடியில் வெடிப்புக் கண்டால் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். மூடியின் கடதாசி காஸ்கெற் எப்படியும் புதிதாக வேண்டும்.

குடிநீர்: தாங்கி காலி, குழாய் காலி இல்லை

பைப்பில் காற்றுச் சத்தம் வந்தால் பம்ப் இனி இழுக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். பம்பின் தலை, அழுத்தக் கலம், ஒவ்வொரு தாழ்ந்த வளைவு, பைப்பின் உட்கூடு, குளிக்கும் கைப்பிடியின் வளைந்த ஹோஸ், எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். பொதுவாக முதலில் வெடிப்பது குழாயல்ல, பைப்பின் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் காட்ரிட்ஜும் பம்பின் மூடியும்தான். குழாய் வளைந்துகொடுக்கும், மூட்டுகள் கொடுக்காது.

சுடுநீர்த் தாங்கியைத்தான் எல்லோரும் பிழையாகக் கையாள்கிறார்கள். முதலில் கரை மின்சாரத்தில் அதன் பிரேக்கரை நிறுத்தி, அதில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள். வெறும் தாங்கியில் மின்சாரம் பாய்ந்தால் சூடாக்கும் கம்பி ஒரு நிமிடத்தில் போய்விடும். பிறகு அடித்திருகையும் மேலே உள்ள அழுத்தம் விடும் வால்வையும் திறந்து வடியுங்கள். இரண்டையும் திறக்காவிட்டால் காற்று உள்ளே போகாமல் பாதிதான் வடியும். உள்வாயில் ஒருவழி வால்வு இருப்பதால் பைப்பைத் திறந்து மட்டும் அதை வடிக்க முடியாது. வடிந்த தாங்கிக்குள் அன்ரிஃபிரீஸ் ஊற்றவே வேண்டாம், 22 லீற்றர் வீணாகும். உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் கழற்றி, ஒரு சின்ன இணைப்பால் நேரே ஒன்றோடொன்று பூட்டிவிடுங்கள். இதற்கென்றே வால்வோடு கூடிய பைபாஸ் தொகுதி விற்கிறார்கள், ஒருமுறை போட்டால் ஒவ்வொரு வருடமும் கழற்றல் மிச்சம். இந்தத் தாங்கிக்குள் எஞ்சின் சூட்டில் தண்ணீரைச் சுடவைக்கும் சுருள் இருந்தால், அதில் ஓடுவது எஞ்சினின் பச்சை நீர். அதைச் சோதிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாங்கிகளில் கடைசியாக மிஞ்சும் ஓரிரு லீற்றரைச் சோதனை மூடி வழியாக ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கொண்டு எடுத்துவிடுங்கள். பிறகு தாங்கியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைப் பம்பின் வாயில் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சின்ன ஹோஸைப் பூட்டி, மறுமுனையை −50 கலனுக்குள் விடுங்கள். பம்பைப் போட்டுப் பக்கத்துப் பைப்பிலிருந்து தொடங்குங்கள். குளிர்நீர் பக்கம் கடும் ரோஸாக வரும்வரை, பிறகு சுடுநீர் பக்கம். குசினிக் கால்பம்ப், குளியல் கைப்பிடி, பின்னணியத்தில் கால் கழுவும் குழாய், ஒன்றையும் விடாதீர்கள். முழுவதற்கும் இரண்டு மூன்று கலன் பிடிக்கும். ஒவ்வொரு சிங்கின் வடிகாலிலும் அரை லீற்றர் விடுங்கள், குளியல் வடிகால் பம்புக்கும் ஒரு லீற்றர். கடைசியில் பைப்புகளைப் பாதி திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

காற்றை அடித்து ஊதிவிடலாமே என்று யாராவது சொன்னால், வடித்ததற்குப் பிறகு கூடுதல் உதவியாகச் செய்யலாம், 2 பாருக்கு மேல் போகாமல். தாழ்ந்த வளைவுகளில் காற்று தண்ணீரின் மேலால் ஓடிவிடும், பம்புக்குள் இருப்பதை அசைக்காது. குழாய்க்கு வொட்கா ஊற்றுகிறவர்களும் உண்டு. கிளைக்கோல் வாசனை வராது என்பது உண்மைதான், ஆனால் எல்சிபிஓ (ஒன்ராறியோ அரச மதுக்கடை) விலையில் அது கட்டுப்படியாகாது.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: இந்த முறையில் தாங்கிக்குள் அன்ரிஃபிரீஸ் போவதே இல்லை, குழாய்களில் மட்டும்தான் நிற்கும். குடிநீர்க் குழாய்க்கென்று எழுதியிருக்கும் புரொப்பிலீன் கிளைக்கோல் நச்சு மிகக் குறைந்தது, வசந்தத்தில் கழுவினால் போய்விடும். ஏப்ரலில் நுரையும் நிறமும் இல்லாமல் போகும்வரை நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு 75 லீற்றர் தாங்கிக்கும் மணமில்லாத 5 வீத வீட்டுப் பிளீச் 80 மில்லிலீற்றர் கலந்து நிரப்பி, எல்லாப் பைப்புகளிலும் அந்த மணம் வரும்வரை திறந்து, நான்கு மணி நேரம் விட்டு, வெளியேற்றி இரண்டுமுறை அலசுங்கள். அதன்பின் பிள்ளைகள் குடிக்கலாம்.

கார் கூலன்ற் ரொய்லெற்றுக்கும் கூடாது

ரொய்லெற்றில் யார் குடிக்கப்போகிறார்கள் என்று நீங்கள் நினைத்தது புரிகிறது. கார் கூலன்ற் எதிலீன் கிளைக்கோல். இனிப்பான சுவை, கொஞ்சமே போதும், சிறுநீரகத்தைக் கெடுத்து நாயையும் குழந்தையையும் கொன்றுவிடும். படகு நிற்கும் முற்றத்தில் சிந்தினால் அதை முதலில் நக்குவது யாருடைய நாய் என்று சொல்ல முடியாது. ஒன்ராறியோவில் கழிவை வாவிக்குள் விடுவது சட்டப்படி குற்றம். ஆகவே வசந்தத்தில் அந்தக் கூலன்ற் பம்ப்-அவுட் நிலையத்துக்கே போகும், அங்கும் அது வேண்டாத சரக்கு. ரோஸ் நிறத்தையே பாவியுங்கள். உள்ளிழுக்கும் ஹோஸைச் சீகொக்கிலிருந்து கழற்றி நான்கு லீற்றர் உள்ள வாளிக்குள் விட்டு, கோப்பைக்குள் கடும் ரோஸ் வரும்வரை பம்ப் பண்ணி, பிறகு அதைக் கழிவுத் தாங்கிக்குள் தள்ளுங்கள். வழிமாற்றும் வால்வு இருந்தால் இரு பக்கமும் திருப்பி இரண்டு பாதையிலும் ஓடவிட வேண்டும். பம்பின் கைப்பிடியைக் கீழே அமர்த்தி விடுங்கள். கராஜில் இருக்கும் கூலன்றை நகரத்தின் வீட்டு நச்சுக்கழிவு நிலையத்தில் கொடுத்துவிடலாம்.

சீகொக்கைத் தொட்டதேயில்லை என்று சொன்ன பழைய உரிமையாளருக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது. உருண்டை வால்வை மூடும்போது அந்த உருண்டையின் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிறைப்படும். வடிய வழியில்லை. உறைந்தால் வால்வின் உடலே பிளக்கும். கரையில் நிற்கும் படகில் எல்லாச் சீகொக்குகளும் குளிர்காலம் முழுவதும் திறந்தே இருக்கட்டும். எலியும் குளவியும் வராமல் வெளித்துளையில் வலைத்துண்டு செருகலாம். தண்ணீரிலேயே குளிர்காலம் கழிக்கும் படகுக்கு இந்த விதி தலைகீழ். அங்கே மூடித்தான் இருக்க வேண்டும். பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) நிற்கும் தண்ணீரைத் துடைத்து எடுங்கள். பாய்மரம் நின்றபடி இருந்தால் அதன் உள்ளால் மழைநீர் இறங்கிக்கொண்டே இருக்கும், அதற்காகப் பில்ஜில் ஒரு கலன் ரோஸ் விட்டுவையுங்கள்.

ஹீற்றரும் பற்றரியும்

அந்த ஹீற்றர் வேண்டாம். ஆளில்லாத படகில், உறையின் கீழ், நீட்டுவயரில் ஆறு மாதம் எரியும் ஹீற்றர் உங்கள் படகை மட்டுமல்ல, இரண்டடி தள்ளி நிற்கும் மற்றவர் படகையும் எரிக்கும். ஆளில்லாமல் மின்சாரம் பூட்டி விடுவதைப் பல படகு முற்றங்கள் தடைசெய்கின்றன. தீயை விட்டாலும், 2013 டிசம்பரில் உறைமழை பெய்தபோது ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின்பாவனையாளர் இருளில் இருந்தார்கள், பலருக்கு நாட்கணக்கில். மின்சாரம் ஒரே ஒரு இரவு போனாலே போதும்.

பற்றரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஈய அமில வகையாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் பண்ணி, எதிர்முனை வயரைக் கழற்றிவிடுங்கள். நிறைந்த பற்றரி கனடாக் குளிரில் உறையாது, இறங்கிப்போனது −10 அளவிலேயே உறைந்து பிளக்கும்.

900 டொலரும் காப்புறுதியும்

பட்டறை கேட்ட தொகை அநியாயமானதல்ல, இது ஒருவருக்கு ஒருநாள் வேலை. நீங்களே செய்தால் பொருட்செலவு அதில் மூன்றில் ஒன்றுக்குள் முடியும், முதல் வருடம் இரண்டு நாள் பிடிக்கும். செய்ய முடியாதது இதில் எதுவும் இல்லை. ஆனால் பணத்தைத் தீர்மானிக்குமுன் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பல படகுக் காப்புறுதிகள் உறைவால் வந்த சேதத்தை நேரடியாகவே விலக்குகின்றன. சிலவற்றில் கூடுதல் கட்டணத்துக்கு உறைவுப் பாதுகாப்பு உண்டு, ஆனால் தொழில்முறைப் பட்டறை செய்த வேலைக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கும். உங்களுடையது அந்த வகையென்றால், எஞ்சினை மட்டும் பட்டறையிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, குழாய்களை நீங்களே செய்வது நடுவழி. அது பட்டறை செய்ததாகக் கணக்காகுமா என்று முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு கைகொடுக்காது. முழுவதும் நீங்களே செய்தாலும் ரசீதுகளையும், ரிஃப்ராக்ரோமீற்றர் காட்டிய அளவின் படங்களையும் தேதியோடு வைத்திருங்கள். படகை விற்கும்போதும் அவை பயன்படும்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் கரையேறினால் அவசரமில்லை, ஆனால் நவம்பரைத் தொட விடாதீர்கள். தண்ணீரில் நிற்கும் படகுக்கு வாவியின் சூடு கொஞ்சம் துணை. கரையேறியபின் அந்தத் துணை இல்லை, முதல் உறைபனி இரவிலேயே வடிகட்டிக் கிண்ணம் போய்விடும். கிரேன் வரும் சனிக்கிழமைக்கு அடுத்த வார இறுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு இரவு −2க்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால், முன்தின மாலை போய் வடிகட்டியையும் மஃப்ளரையும் சுடுநீர்த் தாங்கியையுமாவது வடித்துவிட்டு வாருங்கள்.